அம்மா ஏறி இறங்க ஒரு கார்

போன வருடம் சித்திரையில் ஆலங்குடிப் பக்கம் எங்கள் ஊரில் ஒரு கல்யாணம். முடித்துக்கொண்டு இரவே திருச்சிக்குத் திரும்பினோம். புதுக்கோட்டை தாண்டி, கீரனூரும் தாண்டியபோது டெம்பரேச்சர் முள் மேலே ஏறியது. ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தால் கூலண்ட் ஆவியாகக் கொட்டுகிறது. மணி பத்தரை. பின் சீட்டில் எழுபத்து நான்கு வயது அம்மா, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். பக்கத்தில் தூங்கி வழியும் இரண்டு பிள்ளைகள்.

தெரிந்த ஒருவர் திருச்சியிலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு வர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. வந்தது தாழ்வான செடான். அதில் அம்மாவை உட்காரவைக்க நானும் என் மனைவியும் ஆளுக்கொரு கையாகப் பிடிக்க வேண்டியிருந்தது. வீட்டு வாசலில் இறக்குவது அதைவிடக் கஷ்டம். உள்ளே போனதும் அம்மா சொன்னார்: "இனிமே நான் எங்கயும் வரல. என்னாலதான் உங்களுக்கு இந்தப் பாடு." அதற்கப்புறம் நான்கு மாதம், ஆஸ்பத்திரி தவிர எதற்கும் அவர் வாசலைத் தாண்டவில்லை. பக்கத்துத் தெருவில் நடந்த வளைகாப்புக்குக்கூடப் போகவில்லை.

எங்கள் கார் மாறியதற்கு அந்த இரவுதான் காரணம். எதை வாங்குவது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்க ஏழு மாதம் ஆனது. அதில் கற்றுக்கொண்டதை எழுதிவைக்கிறேன். இதே நிலையில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் அலைச்சல் குறையும்.

பழைய வண்டி 2010-இல் வாங்கிய டீசல் ஹேட்ச்பேக். பாலக்கரையில் பதினோரு வருடமாக எங்கள் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் மறுநாள் பிரித்துப் பார்த்தார். இன்ஜினின் தலைப்பகுதியான ஹெட்டுக்கு அடியில் கசிவில்லாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. ஹெட்டைக் கழற்றிச் சமன்செய்து மாட்டக் கிட்டத்தட்ட 30,000 ரூபாய் ஆகும் என்றார். "தம்பி, இதைச் சரி பண்ணித் தந்துடுவேன். ஆனா அடுத்தது எதுன்னு என்னால சொல்ல முடியாது" என்று ஒரு வார்த்தை சேர்த்தார்.

அன்று இரவு பழைய பில்களை எல்லாம் எடுத்துக் கூட்டினேன். இரண்டு வருடத்தில் ரிப்பேருக்கு மட்டும் 1,12,000 ரூபாய். ஆனால் பணத்தை மட்டும் வைத்து முடிவெடுத்திருந்தால் தப்பாகப் போயிருக்கும். ஒரு லட்சம் செலவானாலும் புதுக் காரின் தவணையோடு பார்த்தால் அது சின்னத் தொகைதான். நான் பார்க்க வேண்டியிருந்தது வேறொரு கணக்கு: அந்த இரண்டு வருடத்தில் வண்டி எத்தனை தடவை வழியில் நின்றது? மூன்று. மூன்றிலும் அம்மாவோ பிள்ளைகளோ உள்ளே இருந்தார்கள். தேய்ந்து மாற்றும் பாகத்துக்குச் செலவு செய்வது ஒரு வகை. கிளட்ச், ஷாக் அப்சார்பர், பேட்டரி எல்லாம் எந்தக் காரிலும் வரும் செலவு. வண்டி எப்போது நிற்கும் என்று தெரியாமல் ஓட்டுவது வேறு வகை. நாங்கள் இரண்டாவதற்கு வந்துவிட்டிருந்தோம்.

அதோடு பதிவுக்கு 15 ஆண்டு முடிய ஆறு மாதம்தான் இருந்தது. அதற்குமேல் ஓட்ட வேண்டுமானால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டி ஓடத் தகுதியானது என்ற எஃப்.சி. காட்டி ஐந்து ஆண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். கட்டணம் 5,000 ரூபாய், பசுமை வரி தனி. வண்டி நன்றாக இருந்தால் இது பெரிய விஷயமே இல்லை. எங்களுடையது எஃப்.சி.க்குத் தயாராகவே இன்னொரு பெரிய செலவு கேட்டது.

உடனே ஷோரூமுக்குப் போகாமல் ஒரு காரியம் செய்தோம். ஹெட் வேலையை முடித்து வண்டியைப் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே ஓட்டினோம். டேஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டு. கார் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் எங்கே, எத்தனை கிலோமீட்டர், யார் யார் ஏறினார்கள் என்று எழுதினோம். யோசனை என் மனைவியுடையது. ஐந்து வாரத்தில் 41 பயணம். அதில் 33, ஆறு கிலோமீட்டருக்கு உட்பட்டவை: பள்ளிக்கூடம், காந்தி மார்க்கெட், பிசியோதெரபி. நூறு கிலோமீட்டருக்கு மேலே போனது ஒரே தடவை. ஐந்து பேரும் சேர்ந்து ஏறியது நான்கு தடவை.

அந்த நோட்டு பல ஆசைகளைத் தானாகவே அடித்துவிட்டது. ஏழு பேர் உட்காரும் வண்டி வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. எர்டிகா நல்ல வண்டி, சந்தேகமே இல்லை. ஆனால் நாலு மீட்டருக்கு மேல் எது வந்தாலும் திணறும் தெரு எங்களுடையது. அதில் கிட்டத்தட்ட நாலரை மீட்டர் வண்டியைத் தினமும் திருப்பி நிறுத்த வேண்டும், அதுவும் வருடத்துக்கு இரண்டு நாள் வரும் சொந்தக்காரர்களுக்காக. அந்த இரண்டு நாளுக்கு வாடகை வேன் போதும்.

டீசலும் அப்படித்தான் போனது. பதினைந்து வருடம் டீசல் ஓட்டிய பழக்கத்தில் மறுபடியும் டீசல் என்றுதான் நினைத்திருந்தேன். மெக்கானிக் அண்ணன் நோட்டைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி வருகிறது. டி.பி.எஃப். என்பார்கள். அதில் சேரும் கரி எரிந்து போக, வண்டி நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓடிச் சூடேற வேண்டும். தினமும் நாலு கிலோமீட்டர் போய் அணைக்கிற வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். தினம் ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓடுகிறவர்களுக்கு டீசல் சரி. எங்களுக்கு இல்லை.

சி.என்.ஜி.யை விட்டதற்குக் காரணம் அம்மாவின் வாக்கர். சிலிண்டர் டிக்கியில் உட்கார்ந்துவிட்டால் வாக்கரையும் ஒரு பையையும் சேர்த்து வைக்க முடியவில்லை. இரண்டு சின்ன சிலிண்டராகத் தரைக்கடியில் வைத்துத் தருகிற மாடல்கள் இப்போது உண்டு, அவற்றில் இடம் பரவாயில்லை. ஆனால் மாதம் ஐந்நூறு கிலோமீட்டர் ஓடும் எங்களுக்கு, கூடுதல் விலையைத் திரும்ப எடுக்கவே பல வருடமாகும். மின்சாரக் காரைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். எங்கள் ஓட்டத்துக்கு அது மிகப் பொருத்தம், ஊருக்குப் போகும் 75 கிலோமீட்டரும் பிரச்சினை இல்லை. ஆனால் கார் நிற்பது தெருவில். மாடியிலிருந்து ஒயரைத் தொங்கவிட்டு சார்ஜ் போடுவது மழைக்காலத்தில் ஆபத்து. சொந்த போர்ட்டிகோவும் எர்த் சரியாக உள்ள பிளக் பாயின்டும் இருப்பவர்கள் அதைக் கட்டாயம் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இனி அம்மாவின் கணக்கு. பிசியோதெரபிஸ்ட் ஒரு நல்ல வழி சொன்னார். வீட்டில் அம்மா யார் துணையும் இல்லாமல் எழுந்திருக்கிற இருக்கை எது என்று பார்த்து, அதன் உயரத்தை அளக்கச் சொன்னார். அது ஹாலில் இருக்கும் கட்டில். 23 அங்குலம். சோபாவிலிருந்து அவரால் எழ முடியாது, அது 17. டேப்பை எடுத்துக்கொண்டு நானும் என் மகளும் ஷோரூம் ஷோரூமாகப் போனோம். தரையிலிருந்து சீட்டின் விளிம்பு வரை அளந்தோம். செடான்களில் 18, 19 அங்குலம். பெரிய எஸ்.யூ.வி.களில் 28-க்கு மேல். அவற்றில் உட்கார ஏறவே வேண்டும், காலைத் தூக்கி வைக்க அம்மாவால் முடியாது. 22-இலிருந்து 25 வரை இருந்தவைதான் எங்களுக்கானவை. உயரமான கூரை உள்ள ஹேட்ச்பேக்குகளும் நாலு மீட்டருக்கு உட்பட்ட சின்ன எஸ்.யூ.வி.களும் இதில் வந்தன.

உயரம் மட்டும் போதாது என்று அம்மாவை நேரில் கூட்டிப்போனபோதுதான் தெரிந்தது. முதல் ஷோரூமில் சீட் உயரம் சரியாக இருந்தும் அவர் திணறினார். கதவுக்கடியில் இருக்கும் விளிம்பு அகலமாக, சீட்டைவிட்டு வெளியே தள்ளி இருந்தது. உட்கார்ந்தபின் காலை அதைத் தாண்டித் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். முழங்கால் மடங்காதவர்களுக்கு அதுதான் வேதனை. கதவு எவ்வளவு அகலத் திறக்கிறது என்பதும் அப்படியே. பாதி திறந்து நிற்கிற கதவுக்குள் வாக்கரோடு திரும்ப இடமில்லை. கூரைப் பக்கம் கைப்பிடி இருக்கிறதா, சீட் துணி வழுக்குகிறதா என்பதையெல்லாம் எந்த விளம்பரத் தாளும் சொல்லாது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் தயவுசெய்து அவர்களை ஷோரூமுக்குக் கூட்டிப்போங்கள். "நான் எதுக்குப்பா" என்பார்கள். விடாதீர்கள்.

பட்ஜெட்டைக் குறைக்க முதலில் பழைய கார்களைத்தான் பார்த்தோம். மூன்று வண்டி கிட்டத்தட்ட முடிகிற அளவுக்குப் போய்த் திரும்பின.

முதலாவது சென்னைப் பதிவு, நாலு வருட வண்டி, பளபளவென்று இருந்தது. விலையும் குறைவு. உள்ளே வாசனைத் திரவியம் தூக்கலாக இருந்ததும் மெக்கானிக் அண்ணன் ஒன்றும் பேசாமல் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். கடைசி ஓரடியில் மண் நிறத்தில் ஒரு கோடு. அப்புறம் ஸ்டெப்னியைத் தூக்கினார், அதன் குழியில் காய்ந்த வண்டல். முன் சீட்டின் தண்டவாளம் முழுக்கத் துரு. வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015-லும் 2023 டிசம்பரிலும் சென்னை எப்படி மூழ்கியது என்று நமக்குத் தெரியும். அப்படி நின்ற வண்டிகள் சுத்தமாக்கப்பட்டு வேறு மாவட்டங்களுக்கு வருகின்றன. இன்ஜினைச் சரிசெய்துவிடலாம். ஒயரிங்குக்குள் போன தண்ணீர் இரண்டு வருடம் கழித்துத்தான் வேலையைக் காட்டும்.

இரண்டாவது வண்டியின் மீட்டர் 42,000 காட்டியது. ஆனால் பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது. வண்டி எண்ணைக் கொடுத்துக் கம்பெனி சர்வீஸ் விவரம் கேட்டோம். ஒன்றரை வருடத்துக்கு முன்பே 71,000 என்று பதிவாகியிருந்தது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். குறைவாக ஓடியதாகச் சொல்லும் வண்டியில் எல்லா டயரும் புதிதாக இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது வண்டியில் எந்தக் குறையும் இல்லை. ஆர்.சி.யில் மட்டும் கடன் கொடுத்த வங்கியின் பெயர் நீங்கவில்லை. "கடன் முடிஞ்சிடுச்சு சார், பேப்பர் வந்துடும்" என்றார் புரோக்கர். கடன் பாக்கி இல்லை என்ற வங்கியின் என்.ஓ.சி.யும், ஆர்.சி.யில் அதன் பெயரை நீக்கும் படிவம் 35-உம் கைக்கு வரட்டும், அட்வான்ஸ் தருகிறேன் என்றேன். மூன்று வாரமாகியும் வரவில்லை. டெல்லிப் பதிவு வண்டிகளும் சில கண்ணில் பட்டன. அங்கே பத்து வருடத்துக்கு மேல் டீசலும் பதினைந்துக்கு மேல் பெட்ரோலும் ஓட்டத் தடை வந்ததால் அவை மலிவாகத் தெற்கே வந்தன. இங்கே மறுபடி வரி கட்டி எண் மாற்றும் அலைச்சலைச் சேர்த்தால் அந்த மலிவு நிற்காது. அந்தப் பக்கமே போகவில்லை.

இதற்குள் செப்டம்பர் வந்துவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. நீளம் நாலு மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சி.சி.க்குள் இருக்க வேண்டும். முன்பு செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 29 இருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த மூன்று வருடப் பழைய வண்டிக்கும் அதே மாதிரிப் புது வண்டிக்கும் இடைவெளி ஒரு லட்சத்து முப்பதாயிரமாகச் சுருங்கியது. பழைய கார் கடனுக்கு வட்டி அதிகம். அதோடு நாடு முழுக்க இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் கிடைக்கிறது. 2023 ஏப்ரலிலிருந்து வந்த வண்டிகளின் ரப்பர், குழாய் எல்லாம் அதைத் தாங்கும்படி தயாரானவை. இதையெல்லாம் கூட்டிப் பார்த்துத்தான் புதியது என்று திரும்பினோம். ஜி.எஸ்.டி. குறையாமல் இருந்திருந்தால் நல்ல சிங்கிள் ஓனர் வண்டி கிடைக்கும் வரை காத்திருப்பேன்.

விலையில் இன்னொரு கோடு இருக்கிறது, அது பலர் கண்ணில் படுவதில்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் வாழ்நாள் வரி நாலு படியாக இருக்கிறது: 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. பத்து லட்சத்தைத் தாண்டினால் தாண்டிய பணத்துக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும் 18. 9.8 லட்ச ரூபாய் வண்டிக்கு வரி சுமார் 1.27 லட்சம், 10.2 லட்ச வண்டிக்கு சுமார் 1.84 லட்சம். "இன்னும் நாற்பதாயிரம்தான் சார், சன்ரூஃப் வரும்" என்று ஷோரூமில் சொல்லும்போது அந்த நாற்பதாயிரம் உண்மையில் ஒரு லட்சத்தை நெருங்குகிறது.

நம்பகம் என்பதை எப்படி அளப்பது? ஜங்ஷன் டாக்ஸி ஸ்டாண்டில் இரண்டு காலைப்பொழுது நின்று பேசினேன். லட்சம் கிலோமீட்டருக்கு மேல் என்ன போகும், அந்தப் பாகம் எத்தனை நாளில் கிடைக்கும் என்பதை அவர்களைவிட யாரும் சரியாகச் சொல்ல முடியாது. டிசையரையும், 2020-இல் விற்பனை நின்றுபோன எட்டியோஸையும் அவர்கள் வாயாரப் புகழ்ந்தார்கள். இரண்டும் செடான், எங்களுக்கு உயரம் ஒத்துவரவில்லை. ஆனால் அவர்கள் சொன்ன காரணத்தை எடுத்துக்கொண்டேன்: பல வருடமாக ரோட்டில் ஓடிப் பழகிய இன்ஜின், ஊரெங்கும் கிடைக்கும் பாகம். மெக்கானிக் அண்ணனும் அதையேதான் சொன்னார். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ வேண்டாம், சந்தைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத இன்ஜின் வேண்டாம், டயர் சைஸ் எல்லாக் கடையிலும் இருப்பதாக இருக்கட்டும் என்றார்.

கியரில் எங்கள் வீட்டில் இரண்டு கருத்து. என் மனைவிக்கு ஆட்டோமேட்டிக் பிடிக்கும். ஏ.எம்.டி. என்ற ஆட்டோமேட்டிக் வகை அதே சாதாரண கியர்பாக்ஸும் கிளட்சும்தான், மிதிக்கிற வேலையை ஓர் இயந்திரம் செய்கிறது. நெரிசலில் கால் வலிக்காது. ஆனால் மேட்டில் பிரேக் பிடிக்காமல் ஆக்ஸிலேட்டரை அழுத்தியே வண்டியை நிறுத்திவைத்தால் கிளட்ச் சூடாகித் தேயும். ஓட்டிப் பார்த்துவிட்டு "மேனுவலே போதும், மிச்சப் பணத்துக்கு ஆறு வருடம் சர்வீஸ் செய்யலாம்" என்று அவரே முடிவு சொன்னார்.

ஒன்றில் மட்டும் நாங்கள் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. மோதல் சோதனையில் நல்ல மதிப்பெண் இல்லாத வண்டி, எவ்வளவு வசதியாக இருந்தாலும் வேண்டாம். 2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டிலேயே பாரத் என்சாப் என்ற மோதல் சோதனை இருக்கிறது, அதற்கு முன் வந்த வண்டிகளில் பலவற்றுக்கு குளோபல் என்சாப் முடிவு உண்டு. உயரம் சரியாக இருந்த ஒரு வண்டியை இதனால்தான் கைவிட்டோம். மனசு கொஞ்சம் வலித்தது.

கடைசியில் வாங்கியது டாடா பஞ்ச், பெட்ரோல் மேனுவல். 2021-இல் குளோபல் என்சாப்பில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கியது. 1199 சி.சி. இன்ஜின், டர்போ இல்லை, டியாகோவில் 2016 முதல் ஓடுவது. நீளம் 3.8 மீட்டர் சொச்சம், எங்கள் தெருவுக்கு அளவு. ஆனால் முடிவு செய்தது கதவு. கிட்டத்தட்ட 90 டிகிரி திறக்கிறது. அம்மா வாக்கரோடு சீட் வரை போய், திரும்பி, உட்கார்ந்து, காலை உள்ளே எடுத்துக்கொண்டார். யாரும் கைகொடுக்கவில்லை. "இதுல ஏறலாம்" என்றார். இதன் இன்ஜின் மூன்று சிலிண்டர், அந்த வகை எதுவானாலும் நாலு சிலிண்டரின் அமைதி இருக்காது. பின் சீட்டில் மூன்று பெரியவர்கள் நெடுந்தூரம் போவதானால் இதைவிட அகலமான வண்டியைப் பாருங்கள். எங்களுக்கு அங்கே அம்மாவும் இரண்டு பிள்ளைகளும்தான்.

டெஸ்ட் டிரைவ் பற்றி ஒரு வார்த்தை. ஷோரூம் வாசலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் சுற்றுவதில் ஒன்றும் தெரியாது. வீட்டுக்குக் கொண்டுவரக் கேளுங்கள், தருவார்கள். நாங்கள் மத்தியானம் இரண்டு மணிக்கு, ஐந்து பேரும் ஏறி, ஏசி போட்டு, பாலத்தின் ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பார்த்தோம். ஸ்ரீரங்கத்துச் சந்துகளில் திருப்பிப் பார்த்தோம். எங்கள் வாசலில் நிறுத்திக் கதவு திறக்க இடமிருக்கிறதா என்றும் பார்த்தோம்.

விலைப்பட்டியலை வரிவரியாக எழுதி வாங்கினேன். ஒரு ஷோரூமில் 'ஹேண்ட்லிங்' என்று ஒரு தொகை இருந்தது. எதற்கென்று கேட்டதும் எடுத்துவிட்டார்கள். இன்சூரன்ஸை அங்கேயே எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வெளியே விசாரித்ததில் அதே பாதுகாப்புக்கு 9,000 ரூபாய் குறைந்தது. பழைய வண்டிக்கு முழு இன்சூரன்ஸ் போட்டு வந்ததால் கிளெய்ம் இல்லாத சலுகை 50 சதவீதம் சேர்ந்திருந்தது. அது வண்டிக்கு உரியதல்ல, உரிமையாளருக்கு உரியது. வண்டியை விற்றதும் கம்பெனியில் கடிதம் வாங்கி, மூன்று வருடத்துக்குள் புது வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். பலர் இதைப் பழைய வண்டியோடு விட்டுவிடுகிறார்கள். பதிவுக்கு முன்பே, ஷோரூம்காரர்கள் வண்டிகளை நிறுத்திவைக்கும் யார்டுக்குப் போய் உற்பத்தி மாதம், டயர் தேதி, மீட்டர் எல்லாம் பார்த்தேன். பதிவாகிவிட்டால் வண்டியை மாற்றித் தரக் கேட்க முடியாது.

பழைய வண்டியை ஒரு டிரைவிங் ஸ்கூல்காரர் 85,000-க்கு எடுத்துக்கொண்டார். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு வராமல், ஆர்.சி. அவர் பெயருக்கு மாறிய பிறகுதான் மனசுப் பாரம் இறங்கியது. ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே விபத்துக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். அம்மா பின் சீட்டில், வாக்கர் டிக்கியில், அதன் மேல் கரும்பும் மஞ்சள் கொத்தும். கீரனூர் வந்ததும் "இங்க ஒரு டீ குடிச்சிட்டுப் போலாமாப்பா" என்றார். கடையோரம் நிறுத்தி, டிக்கியைத் திறந்து வாக்கரை எடுத்துக்கொண்டு நான் வருவதற்குள், கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் ஊன்றியிருந்தார்.